ஆடவரின் இடுப்படி நோவும் அதிர்வலைச் சிகிச்சையும்



பொதுமேடையில் பேசத் தகாதது என்று பலராலும் ஒதுக்கப்பட்ட ஒரு நோயைப் பற்றிப் பேசுவதற்கு இந்தச் சபை எனக்கு அனுமதி தந்திருக்கிறது. நெஞ்சு வலிக்கிறது என்றால் வீடே திரண்டு வந்து விசாரிக்கும். முழங்கால் வலிக்கிறது என்றால் அண்டை வீட்டார்கூடத் தைலம் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடத்திலே, அடிவயிற்றின் ஆழத்திலே, சிறுநீர் இறங்கும் வழியிலே மாதக்கணக்காக நோவைச் சுமந்து திரிகிற ஆடவன், அதைக் கட்டிய மனைவியிடம் சொல்லவும் கூசி, நண்பர்களிடம் சொன்னால் பரிகசிப்பார்களோ என்று அஞ்சி, கடைசியில் பஸ் நிலையத்துச் சுவரொட்டியைப் பார்த்து, லாட்ஜ் அறையில் வந்து தங்கும் வைத்தியரிடம் போய், இல்லாத ஆண்மைக் குறைவுக்கு இருக்கிற பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, நோவு நோவாகவே இருக்கத் திரும்பி வருகிறான்.

என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவரைச் சொல்கிறேன். கணக்கு எழுதும் உத்தியோகம். நாற்பது வயது நிரம்பாதவர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவர் அதில் நேராக உட்காரவில்லை. ஒரு பக்கத்துத் தொடையில் பாரத்தைப் போட்டு, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, ஓரமாகச் சாய்ந்து அமர்ந்தார். பையிலிருந்து தடித்த கோப்பு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்: மூத்திரப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, ஸ்கான், மறுபடியும் மூத்திரப் பரிசோதனை. “எல்லாம் நார்மல்னுதான் சொல்றாங்க டாக்டர். ஆனா ஒரு சினிமாவை முழுசா உட்கார்ந்து பார்க்க முடியலையே!” என்று அவர் சொன்னபோது அவர் குரலில் வலியைக் காட்டிலும் அவமானமே மேலோங்கி நின்றது. பரிசோதனைத் தாள்கள் அவரைப் பொய்யர் என்று சொல்லுவதாக அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் பொய்யருமல்லர், அவர் தனியருமல்லர். பல தேசங்களில் எடுத்த கணக்கெடுப்புகளின்படி, நூறு ஆடவரில் இரண்டு முதல் பத்துப் பேர் வரை இவ்வகைத் தொல்லைகளை அனுபவிக்கிறார்கள். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், கழித்த பின்னும் முழுதும் போகவில்லை என்ற உணர்ச்சி, விந்து வெளிப்படுகையில் குத்தல், நெடுநேரம் உட்கார்ந்தால் அடியிலே முள் உறுத்துகிற வேதனை ஆகிய இவையெல்லாம் வெகுகாலமாகப் ‘புராஸ்டேட் அழற்சி’ என்ற ஒரே பெயரின் கீழ்க் கிடந்தன. அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனம் 1995-ஆம் ஆண்டில் நிபுணர்களைக் கூட்டி இதை நான்கு பிரிவாக வகுத்தது. திடீரென்று காய்ச்சலோடு வரும் கிருமித் தொற்று முதற்பிரிவு; நாட்பட்ட கிருமித் தொற்று இரண்டாவது; கிருமி எதுவும் அகப்படாமல், மூன்று மாதங்களுக்கு மேலாக வலி மட்டும் நிலைத்து நிற்பது மூன்றாவது; தொல்லையேயின்றிப் பரிசோதனையில் தற்செயலாகத் தென்படுகிற அழற்சி நான்காவது. வைத்தியரிடம் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் குறையாமல், அந்த மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவர்களே. நாட்பட்ட இடுப்படி நோவு என்று இன்று நான் குறிப்பிடுவது அதைத்தான்.

ஒரு விஷயத்தை இங்கேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெயரை ஒருவருக்குச் சூட்டுமுன், கல், புற்றுநோய், கிருமித் தொற்று, மூத்திரக் குழாய்ச் சுருக்கம் ஆகியவை இல்லையென்று ஒரு வைத்தியர் முறையாகப் பரிசோதித்துத் தீர்மானித்திருக்க வேண்டும். மூத்திரத்தில் ரத்தம் காண்பவரும், குளிர்காய்ச்சலோடு வலிப்பவரும், காரணமின்றி உடல் மெலிகிறவரும் நான் இனிச் சொல்லப்போகிற சிகிச்சையைத் தேடிப் போகாமல், முதலில் நோயின் மூலத்தைத் தேடிப் போக வேண்டும்.

கிருமி இல்லை என்று தெரிந்த பிறகும் கிருமிக்கொல்லி மருந்தை மாதக்கணக்கில் கொடுப்பது நெடுங்கால வழக்கம். நோயாளி வலி என்கிறார், வைத்தியரின் கையில் வேறொன்றும் இல்லை, ஆகையால் மாத்திரை. இவ்வழக்கத்தை ஒரு நேர்மையான சோதனைக்கு உட்படுத்தி 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். 196 பேரை நான்கு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சிப்ரோஃப்ளாக்ஸசின், ஒரு கூட்டத்துக்கு மூத்திர வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின், ஒரு கூட்டத்துக்கு இரண்டும், மற்றொரு கூட்டத்துக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று ஆறு வாரம் கொடுத்துப் பார்த்ததில், மருந்து உண்டவர்கள் வெறும் மாத்திரை உண்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை. 2008-இல் அல்ஃபுஸோசின் என்ற மருந்தை 272 பேரிடம் பரீட்சித்தபோது கிடைத்த முடிவு இன்னும் சிந்திக்கத் தக்கது. மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 49.3 பேர் குணம் தெரிகிறது என்றார்கள். வெறும் மாத்திரை உண்டவர்களிலும் அதே 49.3 பேர் குணம் தெரிகிறது என்றார்கள்! இந்த எண்ணைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் மாத்திரையைக் கொடுத்தாலே இந்நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் வரை தேறக்கூடும் என்றால், ‘எனக்குக் குணமாயிற்று’ என்று பத்துப்பேர் சாட்சி சொல்வதைக் கொண்டு மட்டும் ஒரு சிகிச்சையின் தகுதியை நிர்ணயிக்க முடியாது என்பது அதிலிருந்தே விளங்கும்.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? இடுப்பெலும்புக் கூட்டின் அடியிலே, தொட்டில் துணி தொங்குவதைப்போல், குடலையும் மூத்திரப்பையையும் தாங்குகிற தசைத்தளம் ஒன்று உண்டு. அந்தத் தசைகள் பலருக்குக் கல்லாக இறுகிக் கிடக்கின்றன. விரலால் ஒரு முடிச்சை அழுத்தினால் நோயாளி, “இதேதான், இந்த வலியேதான்” என்கிறார். அத்துடன், முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து அங்கே இறங்குகிற நரம்புகள், ஆதியில் ஏதோ ஒரு தொற்றாலோ அடியாலோ கிளர்ந்தவை, காரணம் மறைந்த பின்னும் வலிச் செய்தியை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கவலையும் தூக்கமின்மையும் தசையை மேலும் இறுக்க, இறுகிய தசை வலியை வளர்க்க, வளர்ந்த வலி கவலையை வளர்க்க, இந்தச் சுழலில் அகப்பட்டவருக்குப் பரிசோதனைத் தாளில் என்ன தெரியப்போகிறது? இவ்வாறு பலவகைக் காரணங்கள் ஒருவரிடத்தே கலந்திருப்பதால், ஷோஸ்கஸ், நிக்கல் முதலிய வைத்தியர்கள் மூத்திரத் தொல்லை, மனநிலை, சுரப்பி, தொற்று, நரம்பு, தசைநோவு என்று ஆறு கூறாக நோயாளியை ஆராய்ந்து, எந்தக் கூறு மிகுந்திருக்கிறதோ அதற்கேற்ற சிகிச்சையைத் தர வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அதிர்வலை இந்தப் பல வழிகளில் ஒரு வழி. அதற்கு மேற்பட்டதாக அதை நான் உங்களுக்குக் காட்டப் போவதில்லை. அதற்குக் குறைந்ததாகவும் காட்டப் போவதில்லை.

அதிர்வலை வைத்தியத்துக்குள் வந்த வரலாறு விந்தையானது. ஜெர்மனியின் தென்கோடியில், போடன் ஏரிக்கரையில், ஃபிரீட்ரிஷ்ஹாஃபன் நகரத்தில் டோர்னியே என்ற விமானத் தொழிற்சாலை இருந்தது. அதிவேகமாகப் பறக்கும் விமானத்தின்மேல் மழைத்துளி மோதினால் உலோகம் எப்படிச் சிதைகிறது என்று அங்கே ஆராய்ந்தார்கள். 1966-இல், அதிவேகக் குண்டு இலக்கைத் தாக்கிய கணத்தில் அந்த இலக்கைத் தொட்டுக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் மின்சாரம் பாய்ந்ததைப் போன்ற ஓர் அதிர்ச்சியை உணர்ந்தார் என்றும், மின்சாரம் எதுவும் அங்கே பாயவில்லை என்று கண்ட பிறகே, மோதலில் எழும் அதிர்வலை உடலுக்குள் ஊடுருவிச் செல்லக்கூடியது என்ற எண்ணம் வலுப்பெற்றது என்றும் வரலாறு எழுதியவர்கள் கூறுகிறார்கள். சதையும் நீரும் இந்த அலைக்கு ஏறக்குறைய ஒரே ஊடகம். ஆகவே நீரிலிருந்து உடலுக்குள் அது தடையின்றிப் புகும். கல்லைச் சந்திக்கும் எல்லையிலோ தன் சக்தியை அங்கே கொட்டிவிடும். இந்த ஒரு பௌதிக உண்மையைப் பற்றிக்கொண்டு, மியூனிக் நகரத்தில் கிறிஸ்டியன் சௌஸியும் அவருடைய சகாக்களும் உழைத்து, 1980 பிப்ரவரி 7-ஆம் தேதி, முதன்முறையாக ஒரு மனிதரின் சிறுநீரகக் கல்லைக் கத்தியின்றி உடைத்தார்கள். அக்காலத்து யந்திரத்தில் நோயாளியைத் தொட்டி நீரில் அமிழ்த்தி வைத்துத்தான் அலையைச் செலுத்துவார்கள். நம்முடைய ஊர்களில் இன்று ‘கல்லை உடைக்கிற மெஷின்’ என்று எல்லாரும் அறிந்திருக்கிற சாதனம் அதன் வாரிசே.

கல்லை உடைக்கும் அலை வலியை எப்படி ஆற்றும் என்று கேட்கலாம். சக்தியின் அளவிலேதான் வேற்றுமை. அலையை எலும்பின்மேல் செலுத்தியபோது, ஆறாத முறிவுகள் கூடத் தொடங்குவதை 1991-இல் பல்கேரிய வைத்தியர்கள் வெளியிட்டார்கள். அதன்பின், உடைப்பதற்கு வேண்டிய சக்தியைக் குறைத்து, குதிகால் வலிக்கும் தோள் வலிக்கும் இது வழக்கத்துக்கு வந்தது. அலை பட்ட இடத்தில் இரத்த நாளங்கள் விரிந்து புதிய நுண்நாளங்கள் கிளைப்பதும், இறுகிய தசை தளர்வதும், வலிச்செய்தி அனுப்பும் நரம்பு நுனிகள் மிகையாகத் தூண்டப்பட்டுப் பின்பு ஓய்வதும் இதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள். எது முதன்மையானது என்ற வாதம் ஆராய்ச்சியாளரிடையே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இடுப்படி நோவுக்கு இதை முறைப்படி பயன்படுத்திப் பார்த்தவர்கள் ஆஸ்திரியாவையும் ருமேனியாவையும் சேர்ந்த வைத்தியர்கள். ரைன்ஹோல்ட் ஸிம்மர்மன் அவர்களுள் முதன்மையானவர். 2008-இல் ஒரு முன்னோட்டத்தை வெளியிட்டுவிட்டு, 2009-இல் அவர்கள் வெளியிட்ட சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனெனில் அதன் முடிவைவிட அதன் முறை எனக்கு அதிக மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது. மூன்று மாதத்துக்குக் குறையாமல் வலி நீடித்து, கிருமி இல்லையென்று உறுதியான 60 ஆடவர்களை எடுத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு முறை, நான்கு வாரம். ஒவ்வொரு முறையும் 3000 அலைகள், வினாடிக்கு மூன்று வீதம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் அமர்வு பதினேழு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். மயக்க மருந்து இல்லை, ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. நோயாளி மல்லாந்து படுத்துக் கால்களை உயர்த்திக்கொள்ள, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலே ஸ்கான் செய்வதற்குத் தடவுகிற அதே பசையைத் தடவி, கருவியின் முகப்பை அங்கே பதித்துச் சிறிது சிறிதாக இடம் மாற்றிக்கொண்டே போகிறார்கள். ‘டக், டக், டக்’ என்ற சத்தம் காதில் விழுகிறது. உள்ளே சுண்டுவதைப் போன்ற உணர்ச்சி, பெரும்பாலோர் பொறுக்கக்கூடியது. முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம்.

இனித்தான் அந்த முறையின் நயம். அறுபதில் முப்பது பேருக்கு மெய்யான அலை. மற்ற முப்பது பேருக்குப் பொய்யான அலை. பொய்யான அலை என்றால், யந்திரத்தை நிறுத்திவிட்டுச் சும்மா வைத்திருப்பதன்று. அதே கருவி, அதே பசை, அதே சத்தம். ஆனால் முகப்பில் பொருத்திய உறைக்குள் காற்று நிரம்பிய நுண்ணிய உருண்டைகளை அடைத்து வைத்திருந்தார்கள். காற்றின் குறுக்கே இந்த அலை செல்லாது. ஆகவே சிகிச்சை நடக்கிறது என்று முழுமனத்தோடு நம்பிக்கொண்டு அந்த முப்பது பேரும் படுத்திருக்க, அலை மட்டும் உடலுக்குள் நுழையாமல் உறையிலேயே ஒடுங்கிப்போயிற்று. சற்று முன்பு ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, 49.3 என்று, அந்த நம்பிக்கையின் பங்கை இவ்வாறு தனியே பிரித்தெடுத்து ஒதுக்கிய பிறகும் மிஞ்சுவது எதுவோ அதுவே அலையின் உண்மையான பலன். பன்னிரண்டு வாரம் தொடர்ந்து விசாரித்ததில், மெய்யலை பெற்றவர்களுக்கு வலியும், மூத்திரத் தொல்லையும், வாழ்க்கையின் நிம்மதியும் குறிப்பிடத்தக்க அளவில் சீர்ப்பட்டிருந்தன. பொய்யலை பெற்றவர்களுக்கு அப்படி இல்லை. பக்கவிளைவு எதையும் அவர்கள் காணவில்லை.

அறுபது பேர் என்பது சிறு கூட்டம். ஒரு சோதனையை நம்பி ஊரெல்லாம் யந்திரம் வைத்துவிட முடியாது. 2018-இல் புவனோஸ் அயர்ஸ் நகரத்து ஃபிராங்கோ என்ற வைத்தியரின் தலைமையில், ஆராய்ச்சிகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு மருந்தில்லாச் சிகிச்சைகள் அனைத்தையும் சீர்தூக்கிப் பார்த்தது: 38 சோதனைகள், 3290 ஆடவர்கள். அவற்றுள் அதிர்வலையைப் பற்றி ஒப்பிடத் தக்கவையாக நின்ற மூன்று சோதனைகளில் 157 பேர் இருந்தார்கள். நோயின் கடுமையை 0 முதல் 43 வரை எண்ணிச் சொல்லும் கேள்வித்தாள் ஒன்று 1999 முதல் உலகமெங்கும் வழக்கில் இருக்கிறது. அந்த அளவுகோலில் அதிர்வலை பெற்றவர்களின் எண், பெறாதவர்களின் எண்ணைவிடச் சராசரி ஆறுக்குச் சற்று மேலாகக் குறைந்திருந்தது. ஆறு எண் இறங்கினால்தான் நோயாளி தனக்குள்ளே வித்தியாசத்தை உணர்கிறார் என்பது முன்பே கண்டறிந்த விஷயமாகையால், இந்த ஆறு வெறும் காகிதக் கணக்கன்று. உட்கார முடியாதவர் உட்காருகிற ஆறு. குறுகிய காலத்துக்கு இது பலன் தருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் உண்டு என்று சொன்ன அதே அறிக்கை, மாதங்கள் செல்லச் செல்ல அந்தப் பலன் நிலைக்காமல் போகலாம் என்றும் சொல்லியிருக்கிறது. அந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டு முதல் வாக்கியத்தை மட்டும் விளம்பரத்தில் அச்சடிப்பவர்கள் நோயாளிக்குத் துரோகம் செய்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

விளம்பரத்தைப் பற்றிச் சொல்ல நேர்ந்ததால் மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ஷாக்வேவ்’ என்ற பலகையின் கீழே இரண்டு வேறுவகை யந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று, தோலுக்குக் கீழே சில அங்குல ஆழத்தில், குறித்த இடத்தில் அலையைக் குவிப்பது. மேலே சொன்ன 2009-ஆம் ஆண்டுச் சோதனை அதைக்கொண்டு நடந்தது. மற்றொன்று, அழுத்திய காற்றால் குழாய்க்குள்ளே ஓர் உலோகத் துண்டை ஓட்டி முகப்பில் மோதச் செய்து, அதிலிருந்து எழும் அழுத்தத்தைத் தோலிலிருந்து நாற்புறமும் பரவவிடுவது. அது ஆழம் செல்லச் செல்லத் தேய்ந்துவிடும். பௌதிகக் கண்கொண்டு பார்த்தால் அது அதிர்வலையே அன்று. இரண்டாவது வகை விலை மலிவு, எங்கும் கிடைக்கும். மேல்தசையின் இறுக்கத்துக்கு அது உதவலாம். ஆனால் ஒன்றைக்கொண்டு நிரூபித்த பலனை மற்றொன்றின்மேல் ஏற்றிச் சொல்லிக் கட்டணம் வாங்குவது நியாயமன்று. உங்களில் யாரேனும் இந்தச் சிகிச்சைக்குப் போவதாக இருந்தால், ‘இது அலையைக் குவிக்கிற யந்திரமா, பரப்புகிற யந்திரமா?’ என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும், அலை படும் இடத்தில் புற்றுநோய் உள்ளவர்களும், கடுந்தொற்று உள்ளவர்களும் இதற்கு உகந்தவர்கள் அல்லர் என்பதையும் மறவாதீர்கள்.

நான் முன்னே சொன்ன கணக்கு எழுதும் அன்பரிடம் வந்துவிடுகிறேன். அவருக்கு அன்று நான் முதலில் சொன்னது, “உங்கள் வலி மெய், அது தாளில் தெரியாது” என்பதுதான். அதைக் கேட்டு அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். இறுகிய தசைத்தளத்தைத் தளர்த்தும் பயிற்சிக்கு ஒரு பிசியோதெரபி நிபுணரிடம் அனுப்பினேன். தினமும் நடக்கவும், மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் சொன்னேன். அவருடைய மனைவியையும் அழைத்து, இது தொற்றுநோய் அன்று, ஒழுக்கக்கேட்டால் வந்ததன்று, புற்றுநோயாக மாறுவதன்று என்று விளக்கினேன். அந்த அம்மையார் சொன்னார்: “இவ்வளவு நாளா என்கிட்ட ஏன் சொல்லலைன்னுதான் எனக்கு வருத்தம்.” பின்னர் அதிர்வலையும் செய்துகொண்டார். வலி அடியோடு போய்விட்டதென்று நான் சொல்லமாட்டேன். குறைந்தது, வேலைக்குச் சிரமமின்றிப் போகிறார், இடையிடையே திரும்பி வருகிறது, வந்தால் முன்போல் நடுங்குவதில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுள் இந்த நோவு உள்ளவர்கள் இருக்கக் கூடும்; அவர்களுக்கு நடைமுறையில் ஒன்றே ஒன்று சொல்ல விரும்புகிறேன். 43 எண் கொண்ட அந்தக் கேள்வித்தாளை உங்கள் வைத்தியரிடம் கேட்டு வாங்கி, முதல் அமர்வுக்கு முந்தின நாள் உண்மையாக நிரப்பித் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அமர்வும் முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமலே புதிதாக ஒன்றை நிரப்பி, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால், வலி திரும்பும் காலத்தில் மறுபடியும் அலையைச் செலுத்துவதைப் பற்றி வைத்தியரோடு ஆலோசிக்கலாம். இறங்காமலிருந்தால், இன்னும் நான்கு அமர்வு, இன்னும் நான்கு அமர்வு என்று பணம் கட்டுவதை அத்துடன் நிறுத்திவிட்டு, தசைப் பயிற்சியையோ வேறு வழியையோ நாடுவது நலம். அலை உங்களுக்குப் பயன்படவில்லை என்பதற்காக உங்கள் வலி பொய்யாகிவிடாது.